காணொலி மருத்துவ ஆலோசனை

நோயாளி ஓரூரிலும் மருத்துவர் வேறூரிலும் இருக்க, முகமும் குரலும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிய, நோயை விசாரித்து மருத்துவம் சொல்லும் முறை. பேச்சு வழக்கில் ‘வீடியோ கால்ல டாக்டரைப் பார்க்கிறது’. தொலைமருத்துவம் என்ற பெரிய குடும்பத்தில் இது ஒரு கிளை. எக்ஸ்ரே படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்பது, தொலைபேசியில் ஆலோசனை சொல்வது போன்றவை இதன் உடன்பிறப்புகள். திறன்பேசி வந்த பிறகு முளைத்தது என்று பலரும் எண்ணும் இந்த முறைக்கு உண்மையில் அறுபது வயதுக்கு மேல் ஆகிறது.

“தொட்டே பார்க்கலை, மாத்திரை எழுதிட்டார்” என்பது மருத்துவமனை வாசலில் அடிக்கடி காதில் விழும் குறை. காணொலி ஆலோசனையின் வரலாற்றை அந்தக் குறைக்கு ஒவ்வொரு காலமும் தேடிய பதிலாகவே படிக்கலாம். படத்தை அனுப்பும் வழி சீக்கிரமே கிடைத்துவிட்டது. மருத்துவருக்குப் பதிலாக நோயாளியைத் தொடுவது யார் என்ற கேள்விதான் ஒவ்வொரு திட்டத்தின் ஆயுளையும் தீர்மானித்தது.

பார்க்காமலே மருத்துவம் சொல்வது கருவிகளுக்கு முந்திய வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் இருந்த வில்லியம் கல்லன் என்ற பேராசிரியர் ஆயிரக்கணக்கான கடிதங்கள் வழியே மருத்துவம் சொன்னார். தொலைபேசி வந்த சில ஆண்டுகளுக்குள், 1879இல், ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு செய்தி வெளியானது. இரவில் குழந்தை இருமுகிறது, தொண்டை அடைப்போ என்று வீட்டார் பதறுகிறார்கள். மருத்துவர் குழந்தையைத் தொலைபேசி அருகே தூக்கி வரச் சொல்லி, இருமலைக் கேட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். இன்று குழந்தை மருத்துவர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

1905இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இதயத் துடிப்பின் மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பினார். அதற்குக் காரணம் தொலைநோக்கு அல்ல, எடை. அந்த அலைகளை அளந்த அவருடைய கால்வனாமீட்டர் கால் டன்னுக்கும் மேல் கனம். அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாது, படுக்கையில் கிடக்கும் நோயாளியை ஆய்வகத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. ஆகவே ஒன்றரை கிலோமீட்டர் கம்பி இரண்டையும் இணைத்தது. இதய மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈசிஜி முறைக்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

மறு ஆண்டே, 1925 பிப்ரவரியில், அமெரிக்க இதழாசிரியர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தம் ‘சயின்ஸ் அண்ட் இன்வென்ஷன்’ இதழில் ‘டெலிடாக்டில்’ என்ற கற்பனைக் கருவியைப் படத்தோடு வெளியிட்டார். மருத்துவர் திரையில் நோயாளியைப் பார்ப்பார். அவர் இங்கே கையை அசைத்தால் அங்கே ஒரு இயந்திரக் கை நோயாளியைத் தொடும். ஐம்பது ஆண்டில் இது நடக்கும் என்பது அவர் கணிப்பு. அவர் சொன்ன காலத்துக்கு முன்பே திரை வந்துவிட்டது. அந்தக் கை இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்தபாடில்லை. பார்வை மட்டும் போதாது என்று தொலைக்காட்சியே சரியாக உருவாகாத காலத்தில் ஒரு கதை எழுத்தாளர் கண்டுகொண்டது வியப்புத்தான்.

படம் இல்லாமலும் வேலை நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1928இல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரி ஊரில் ஜான் ஃப்ளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவைக்கு, ஆல்ஃபிரட் டிரேகர் மிதிகட்டையால் மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியைச் செய்து கொடுத்தார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆள் இல்லாத பண்ணை வீட்டில் ஒருவர் காலால் மிதித்துக்கொண்டே நோயைச் சொல்வார். 1942 முதல் அந்த வீடுகளில் எண்ணிட்ட மருந்துப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மருந்தின் பெயர் வானொலி இரைச்சலில் குழம்பும், எண் குழம்பாது. மருத்துவர் எண்ணைச் சொன்னால் போதும், பெட்டியைத் திறந்து கொடுப்பது வீட்டுக்காரரின் வேலை.

உண்மையான இருவழிக் காணொலி 1959இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் தொடங்குகிறது. ஒமாஹாவில் இருந்த நெப்ராஸ்கா மனநலக் கழகத்தில் செசில் விட்சன் குழுவினர் மூடிய சுற்றுத் தொலைக்காட்சியில் குழு சிகிச்சை நடத்திப் பார்த்தனர். 1964இல் அதே இணைப்பு 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த நார்ஃபோக் அரசு மனநல மருத்துவமனைவரை நீண்டது. மனநலம் முந்திக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அங்கே பேச்சுதான் பரிசோதனை. வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

உடம்பைப் பார்க்கும் காணொலிக்கு வழிகாட்டியது பாஸ்டன். அங்குள்ள லோகன் விமான நிலையத்தில் பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஒரு சிகிச்சை நிலையம் நடத்தி வந்தது. இரண்டுக்கும் நடுவே தொலைவு நான்கு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இடையே துறைமுகம்; அதன் அடியில் ஓடும் சுரங்கச் சாலையில் எப்போதும் நெரிசல். அதில் மாட்டித் தவித்த மருத்துவர் கென்னத் பேர்ட், 1968இல் நுண்ணலை வழியே இரண்டையும் இணைத்தார். விமான நிலையத்தில் எப்போதும் செவிலியர் இருந்தனர். அவர்கள் மின்னணு ஸ்டெதாஸ்கோப்பை நோயாளியின் மார்பில் வைக்க, மருத்துவர் மருத்துவமனையில் இருந்தபடி இதய ஒலியைக் கேட்டார். கேமராவைத் திருப்பும் பொறுப்பு மருத்துவருடையது, நோயாளியைத் திருப்பும் பொறுப்பு செவிலியருடையது. ஆயிரம் நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தைப் பேர்டும் ரேமண்ட் மர்ஃபியும் 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். இன்றைய காணொலி ஆலோசனையின் உறுப்புகள் அநேகமாக எல்லாம் அதில் உண்டு.

அதே எழுபதுகளில் நாசா, விண்வெளி வீரர்களின் உடல்நலத்தைத் தரையிலிருந்து கவனிக்க வகுத்த நுட்பங்களை அரிசோனாவின் பாபகோ பழங்குடியினர் வாழும் பாலைவனத்தில் பரிசோதித்தது. எக்ஸ்ரே கருவியுடன் ஒரு வண்டி ஊர் ஊராகப் போனது. வண்டியில் மருத்துவ உதவியாளர்கள், தொலைவில் மருத்துவமனை. ‘ஸ்டார்பாக்’ எனப்பட்ட அத்திட்டம் சில ஆண்டுகளில் முடிந்தது. அக்காலத்துத் திட்டங்களில் பலவும் மானியப் பணம் இருந்தவரை நடந்தன, பணம் நின்றதும் நின்றுபோயின. காணொலியில் பார்த்ததற்கு மருத்துவருக்குக் கட்டணம் யார் தருவது என்ற கேள்விக்கு விடை இல்லாததே பெரிய காரணம். பனியும் தீவுகளும் நிறைந்த நார்வே 1996இல் அதற்கெனக் கட்டணப் பட்டியலே வகுத்து முன்னோடியானது.

இந்தியாவில் இதன் தொடக்கம் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா. அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். அங்குள்ள சிறு மருத்துவமனையைச் சென்னையோடு இணைத்த தொலைமருத்துவ வசதியை 2000 மார்ச் 24 அன்று, இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் கே. கணபதி அந்த முயற்சியை முன்னின்று வளர்த்தார். மூளையில் அடிபட்டவர் கிராமத்தில் கிடக்க, நரம்பியல் மருத்துவர்கள் எல்லாரும் பெருநகரங்களில் இருக்கிறார்கள் என்பதே அவர் வாதம்.

அடுத்த ஆண்டு இஸ்ரோ தன் இன்சாட் செயற்கைக்கோள்களோடு களத்தில் இறங்கியது. அந்தமானின் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரிக்கும் இணைப்பு ஏற்பட்டது. கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும் தொலைவு அது. செயற்கைக்கோள் பூமிக்கு மேல் 36,000 கிலோமீட்டரில் நிற்பதால் குரல் ஏறி இறங்கக் கால் விநாடி பிடிக்கும். கேள்விக்குப் பதில் வர அரை விநாடி. கேட்பதற்குச் சிறிதுதான். ஆனால் பதில் வரவில்லையே என்று மருத்துவர் மறுபடி கேட்க, அதே நேரம் நோயாளியின் பதிலும் வந்து மோத, இருவரும் சேர்ந்து நிறுத்துவார்கள். நிறுத்தி நிதானித்துப் பேசும் பழக்கம் இரு பக்கமும் வரவேண்டியிருந்தது. இந்த முறை கடல் கடந்தும் போனது. அப்துல் கலாம் 2004இல் முன்வைத்த யோசனையின்படி, 2009இல் தொடங்கிய ஆப்பிரிக்க மின்வலையமைப்பு இந்திய மருத்துவமனைகளை அக்கண்டத்து நாடுகளோடு இணைத்தது.

இத்தனைக்கும் இந்தியாவில் இம்முறை அன்றாட வழக்கமாக வேரூன்றியது வானத்தில் அல்ல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில். அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் ‘பார்வை மையங்கள்’ திறந்தது. அவற்றை இணைக்க, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் குழுவினர், வீட்டில் பயன்படும் சாதாரண வைஃபை கருவிகளைக் கோபுர உச்சியில் நேருக்கு நேர் திருப்பி வைத்து, பல கிலோமீட்டர் தாண்டிக் காணொலி ஓடும்படி நெறிமுறையை மாற்றி எழுதினார்கள். தேனி மருத்துவமனையும் சுற்று வட்டார மையங்களும் இப்படி இணைந்தன. ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி கொடுத்தது அலைவரிசை அல்ல, ஏறி இறங்கும் மின்னழுத்தம். கருவிகளைக் கருக்கியது அதுதான்.

பார்வை மையத்தில் மருத்துவர் இருக்கமாட்டார். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து, அரவிந்திலேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண் பணியாளர் இருப்பார். அவர் பார்வையை அளந்து, ஸ்லிட் லாம்பில் கண்ணைச் சோதித்து, விவரங்களை ஏற்றிய பிறகே திரையில் மருத்துவர் தோன்றுவார். மருத்துவர் பேசுவது சில நிமிடங்கள். கண்ணாடி தேவையென்றால் அங்கேயே கிடைக்கும். கண்புரை அறுவைக்கு மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் பயணம். இதனால் மிச்சமாவது பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும். இப்போது இத்தகைய மையங்கள் நூறை எட்டிவிட்டன. விமான நிலையத்துச் செவிலியரின் இடத்தில் இங்கே ஒரு கிராமத்துப் பெண் நிற்கிறார். மற்றபடி லோகனும் தேனியும் ஒரே அமைப்புத்தான்.

இதே வழியில் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. பேருந்துக்குள் ஓர் அறை, ஒரு திரை, ஒரு மருந்தகம். சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசி முடித்ததும் நோயாளி மாத்திரையோடு இறங்கலாம். மனச்சிதைவுக்கு மாதம் தவறாமல் மருந்து வேண்டும். அந்த மருந்து பல ஊர்களில் கிடைக்காது. காணொலியைவிட அந்த மருந்தகமே பேருந்தின் முக்கிய உறுப்பு என்று சொல்லலாம்.

வீட்டிலிருக்கும் நோயாளி நேரே மருத்துவரைத் திரையில் பார்ப்பது வேறு கதை. அதற்குத் தடையாக இருந்தது சட்டம். அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், நோயாளி நாட்டுப்புறத்தில் வசிக்க வேண்டும், அப்போதும் ஒரு மருத்துவ நிலையத்துக்கு வந்துதான் பேச வேண்டும் என்று பொதுவாக வலியுறுத்தி வந்தது. இந்தியாவில் தெளிவான விதியே இல்லை. தொலைபேசியில் சொன்ன மருத்துவம் தொடர்பான ஒரு வழக்கில் 2018இல் மும்பை உயர் நீதிமன்றம் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தபோது, நேரில் பார்க்காமல் வாய் திறக்கவே பலர் தயங்கினார்கள்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு அடைபட்டது. மறுநாள், மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. இருபது ஆண்டாக நடந்துவந்த ஒன்றுக்கு அன்றுதான் முறையான அனுமதி கிடைத்தது. நோயாளியே அழைத்தால் அதுவே சம்மதம். மருத்துவர் தம் பதிவு எண்ணைத் தெரிவிக்க வேண்டும். சில வகை மருந்துகளை முதல் முறை எழுதக் காணொலி கட்டாயம், வெறும் குரல் போதாது. போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை எழுதவே கூடாது. நேரில் வரச் சொல்லும் உரிமை மருத்துவருக்கு எப்போதும் உண்டு. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம், தானாக மருந்து எழுதக்கூடாது என்ற விதியும் அதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் மெடிகேரும் அதே மாதம் தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

அந்த அவசரத்தில் வளர்ந்த எல்லாமும் நிலைக்கவில்லை. லண்டனில் 2017 முதல் தேசிய சுகாதாரச் சேவையின் நோயாளிகளைத் திறன்பேசி வழியே பார்த்துவந்த பாபிலான் நிறுவனம், 2021இல் நியூயார்க் பங்குச் சந்தை வரை போய், 2023இல் திவாலானது. நிலைத்தது மறுபரிசோதனை. வேலூருக்கும் சென்னைக்கும் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வந்து அறுவை செய்துகொண்டவர், தையல் ஆறியதைக் காட்டவும் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லவும் மறுபடி இரண்டு நாள் பயணம் செய்ய வேண்டியதில்லை. திரையில் பேசுபவர் ஏற்கெனவே தொட்டுப் பார்த்த மருத்துவர். ஆகவே திரை போதும். புதிதாக வரும் வயிற்று வலிக்கு அது போதாது. குடல்வால் அழற்சியா என்று அறிய வயிற்றில் கை வைத்தே ஆக வேண்டும்.

இந்திய அரசின் தொலைமருத்துவத் தளமான இ-சஞ்சீவனியின் போக்கு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. மொகாலியில் உள்ள சி-டாக் கணினி ஆய்வு மையம் உருவாக்கிய இத்தளத்தில், வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கும் புறநோயாளி சேவை 2020 ஏப்ரல் 13 அன்று தொடங்கியது. முதல் ஒன்றரை லட்சம் ஆலோசனைகளில் 32,000க்கு மேல் தமிழ்நாட்டில் நடந்தவை. அப்போது மாநிலங்களில் முதலிடம். 2023 பிப்ரவரியில் நாடு முழுவதும் மொத்தம் பத்துக் கோடியைத் தாண்டியபோது கணக்கு மாறியிருந்தது. பெரும்பான்மை ஆலோசனைகள் வீட்டுத் திறன்பேசியில் நடந்தவை அல்ல. கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில், நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சுகாதாரப் பணியாளர் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்ல, மருத்துவர் திரையில் கேட்டுக்கொண்டிருந்தவை அவை.