எலும்புகள் சொன்ன கதை – 7: தாவாத சாட்சி

தொல்லுயிர் ஆய்வாளர் லைடெக்கரின் கையில் தாடையைக் கொடுத்துவிட்டுப் போன வாரம் விடைபெற்றோம். 1879-ல், சிவாலிக் மலையில் கிடைத்த அந்த மேல்தாடை வாலில்லாக் குரங்கினுடையது என்று அவர் எழுதினார். சரி, அந்தக் குரங்கு நடந்ததா, தாவியதா, தொங்கியதா? பல்லை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. கால் எலும்பு வேண்டும்.

கால்களைப் படிக்கப் பழனி மலை போதும். கொடைக்கானல் சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியருகே சோளக்கதிரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே நாட்டுக்குரங்கு, அதன் கைக்கும் காலுக்கும் நீளத்தில் பெரிய வித்தியாசமில்லை. தரையும் மரமும் அதற்கு ஒன்றுதான். சோலைக்காட்டுக் கருமந்திக்கோ கால்கள் கைகளைவிட நன்றாக நீளம். பாய்ச்சலுக்கான உந்தல் அங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது சாட்சி இரவில்தான் வெளியே வரும். திண்டுக்கல்லைத் தாண்டி, அய்யலூர்ப் பக்கத்து முள்காடுகளில் வாழும் தேவாங்கு. குச்சிக் கால், வால் கிடையாது, தாவவே தாவாது. ஒரு காலை எடுத்து வைக்கும்வரை மற்றவை கிளையை விடுவதில்லை. தொடை எலும்பின் தலை நல்ல உருண்டை. இடுப்பிலிருந்து காலை எந்தப் பக்கமும் திருப்பி அடுத்த கிளையை எட்டிப் பிடித்துவிடும். 2022-ல் கடவூரில் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அமைத்தது இதற்காகத்தான். 1908-ல் இந்தத் தேவாங்குக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஸ்பெயின்காரரான கப்ரேரா. யார் பெயரை வைத்தார் தெரியுமா? நம் லைடெக்கரின் பெயரை! தாடைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை கிடையாது.

இனி, கால் எலும்பு தேடிக் குஜராத்துக்குப் போவோம். சூரத் மாவட்டம், வஸ்தான் சுரங்கம். நெய்வேலியைப் போலப் பழுப்பு நிலக்கரி வெட்டும் இடம். அங்கே சிக்கிய, குரங்கும் தேவாங்கும் சேர்ந்த முதனி இனத்துப் பழம்பிராணிகளின் 25 சிறு எலும்புகளைப் பற்றி 2016-ல் ரேச்சல் டன் குழுவினர் எழுதினார்கள். அத்தனையும் கைகால் எலும்புகள். வயது 5 கோடியே 45 லட்சம் ஆண்டு. இந்தியத் துணைக்கண்டம் தீவாக மிதந்து ஆசியாவை நெருங்கிக்கொண்டிருந்த காலம்.

தாவுவதையே தொழிலாகக் கொண்ட சிறு பிராணிகளுக்குக் குதிகால் எலும்பு நீண்டிருக்கும். வஸ்தான் எலும்பில் அந்த நீட்சி இல்லை. அப்படியானால் அந்தப் பிராணி தேவாங்கைப் போல ஊர்ந்ததா? அதற்கும் ஒத்துவரவில்லை. பிறகு எப்படித்தான் நடந்தது?

விடை அடுத்த வாரம். அதற்குள் கொடைக்கானல் போகிறவர்கள் குரங்குக்குத் தீனி போடாதீர்கள். அதன் காலைப் பாருங்கள். அப்போது உதவும்.

(தொடரும்)