உலையிலிடுமுன் ஒரு பிடி

அறுப்பின் பண்டிகை என்றால் ஆண்டுக்கொரு ஞாயிறு, பீடத்தருகே நெற்கதிர், பூசணி, பின்னர் ஏலம் என்றே எண்ணிப் பழகியுள்ளோம். மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையினர் அந்நன்றியை அன்றாடம் அடுப்பங்கரையில் செலுத்துகின்றனர். ஒவ்வொரு முறை உலையிலிடும்போதும் இல்லத்தலைவி ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென எடுத்து வைக்கிறார். திருச்சபைப் பெண்கள் அதனை வீடுதோறும் திரட்டி, விற்ற பணத்தை ஊழியத்துக்கு அளிக்கின்றனர். ‘பூஃபாய் தம்’ என்பது இதன் பெயர். நம் ‘பிடியரிசி’ ஏறத்தாழ அதே சொல்.

இவ்வழக்கம் தொடங்கியது 1910இல். ஆண்டைக் கவனிக்க வேண்டும். லூஷாய் மலைக்கு லொரெய்னும் சாவிட்ஜும் வந்தது 1894இல்தான். காசுப் புழக்கம் அரிதாயிருந்த அம்மலையில் காணிக்கையாகத் தர எளிய குடும்பங்களிடம் இருந்தது அரிசியே. அடுத்த ஆண்டே மூங்கில் பூத்தது. எலிகள் பெருகி மலைச்சாகுபடி நெல்லைத் தின்றழிக்க, 1911–12இல் ‘மௌதாம்’ பஞ்சம் மூண்டது. ஆயினும் வழக்கம் அற்றுப்போகவில்லை.

இதனைப் பக்தியின் வெற்றியென்று மட்டும் எழுதிக் கடந்துபோவது எனக்கு நிறைவளிப்பதில்லை. அரிசி அருகிய வீட்டில் அந்தப் பிடி யாருடைய பங்கிலிருந்து குறைந்தது? பானையின் இருப்பை அறிந்தவர் பெண். எடுத்து வைத்ததும் அவரே. அச்சபையில் ஆயர் பதவியோ நெடுங்காலம் அவருக்கு மறுக்கப்பட்டது. மிஷனரி அறிக்கைகளில் இக்காணிக்கை பெரும்பாலும் தொகையாகவே நமக்குக் கிடைக்கிறது. எடுத்து வைத்தவரின் பெயர் அங்கே இல்லை.