லேர் ஊரின் ஊதாச் செடி

கார்ல் ஃபோர்ஸ்டர், போட்ஸ்டாமை ஒட்டிய போர்னிமில் நடத்திய நாற்றுப்பண்ணை, கடுங்குளிரில் மடங்கிப்போய் வசந்தத்தில் தானே தளிர்க்கும் பூச்செடிகளுக்குப் பேர்போனது. அங்கே வேலை பார்த்த எர்ன்ஸ்ட் பாகெல்ஸ், வடமேற்கு ஜெர்மனியில் லேர் என்ற ஊரில் சொந்தப் பண்ணை தொடங்கினார். அவருக்கு ஃபோர்ஸ்டர் கொடுத்தது ஒரு பொட்டலம் சால்வியா விதை.

சால்வியா நெமொரோசா என்ற இனம் அது. நடு ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆசியா வரை வறண்ட புல்வெளிகளில் தானாக வளர்வது. துளசியின் குடும்பம்தான், தண்டைத் தடவினால் நான்கு பட்டை தட்டுப்படும். விதைத்து வந்த நாற்றுகளில் ஒன்றைப்போல் ஒன்று இராது. அவற்றிலிருந்து பாகெல்ஸ் பொறுக்கியெடுத்தது, முழங்கால் உயரத்துக்குள் அடங்கி நிமிர்ந்து நின்ற ஓர் அடர் ஊதாச் செடி. 1955-இல் அதை வெளியிட்டபோது தன் வட்டாரத்தின் பெயரையே வைத்தார்: ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து.

இதன் விதையை விதைத்தால் தாயின் குணம் அப்படியே வராது. தூரைப் பிரித்தோ, தூரிலிருந்து வரும் இளந்தளிரை வெட்டி வேர்பிடிக்க வைத்தோதான் பெருக்க வேண்டும். அதனால் இன்று எந்த நாட்டுப் பாத்தியில் உண்மையான ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து நின்றாலும், லேரில் முளைத்த அந்த ஒற்றை நாற்றின் உடம்புதான் அது. பாகெல்ஸ் 2007-இல் காலமானார். செடி இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. தோட்டக்கலையில் என்னை இதைவிட நெகிழ வைப்பது வேறில்லை.

நெதர்லாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடால்ஃப், பாகெல்ஸின் பண்ணைக்கு வந்து செடிகள் வாங்கிப்போனவர். 2004-இல் திறக்கப்பட்ட சிகாகோவின் லூரி தோட்டத்தில் சால்வியாக்களை ஓர் ஆறாகவே ஓடவிட்டார். ஃபோர்ஸ்டரின் மைநாக்ட், பாகெல்ஸின் பிளவ்ஹியூகல் என்ற ரகங்கள் இரண்டும் அதில் உண்டு. அந்தத் தோட்டத்துக்கு அடியில் இருப்பது வாகன நிறுத்துமிடம்!

சால்வியாப் பூவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தேனுக்காகத் தலையை நுழைக்கும் தேனீ உள்ளேயிருக்கும் சிறு நெம்புகோலை முட்டுகிறது. மகரந்தத்தாள் மேலிருந்து இறங்கி அதன் முதுகில் தூளை அப்பிவிடுகிறது. இதழ் உதிர்ந்த பிறகும் பூவடிச் செதில்களின் ஊதா நிறம் நிற்பதால் பாத்தி வெறிச்சோடுவதில்லை.

குளிர்நாட்டுத் தோட்டத்தில் இந்தச் செடி கேட்பது நாள் முழுக்க வெயில், தண்ணீர் தேங்காத மண். உறைபனியை விட, குளிர்காலத்தில் வேரில் நிற்கும் ஈரமே இதைக் கொல்லும். உரத்தை அள்ளிப் போட்டால் தண்டு கொழுத்துச் சாயும். ஜூனில் முதல் பூ முடிந்ததும் தயங்காமல் ஒட்ட நறுக்கிவிட வேண்டும். கோடை முடிவதற்குள் மறுபடி பூக்கும். சில ஆண்டுகளில் தூரின் நடு வெறுமையானால் வசந்தத்தில் தோண்டிப் பிரித்து, வேரோடு வந்த ஓரத்துண்டுகளை நட்டுக்கொள்ளலாம்.