வட்டி ஏறி இறங்கும்போது தோட்டத்துச் சேமிப்பு

பேங்க் நெகாரா 2025 ஜூலை 9ஆம் தேதி, ஓபிஆர் எனப்படும் அடிப்படை வட்டி விகிதத்தை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ வங்கியில் நிரந்தர வைப்புத்தொகை வைத்திருப்பவருக்கு, தவணை முடிந்து புதுப்பிக்கும்போதுதான் இதன் விளைவு தெரியும். வீட்டுக் கடன் கட்டுபவருக்கோ இது லாபம். மாறும் வட்டியில் 2 லட்சம் வெள்ளியை 30 ஆண்டுத் தவணைக்கு வாங்கியிருந்தால் மாதம் சுமார் 29 வெள்ளி மிச்சம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். தோட்டத்து வீடு பெரும்பாலும் வேலை இருக்கும்வரைதான். 60 வயதில் வெளியேறும்போது குடியிருக்க ஓர் இடமும், அதன் பிறகு பல ஆண்டுகளுக்கான செலவுப் பணமும் வேண்டும்.

வட்டி குறைந்தால் சேமநிதியும் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020இல் ஓபிஆர் 1.75 விழுக்காடு வரை சரிந்தது; 2004இல் இம்முறை தொடங்கியதிலிருந்து அதுவே மிகக் குறைவு. அந்த ஆண்டு ஊழியர் சேமநிதி வாரியம் வழங்கிய ஈவு 5.20 விழுக்காடு. 2021இல் 6.10. 2022இல் ஓபிஆர் நான்கு முறை ஏற்றப்பட்டது, ஈவு 5.35 விழுக்காடாகக் குறைந்தது! 2023இல் 5.50, 2024இல் 6.30. காரணம், வாரியம் பணத்தை ஒரே இடத்தில் போடுவதில்லை. கடன் பத்திரம், உள்நாட்டு வெளிநாட்டுப் பங்குகள், சொத்து எனப் பிரித்துப் போடுகிறது. வட்டி இறங்கும்போது பழைய பத்திரங்களின் மதிப்பு கூடும். ஒன்று சறுக்கினால் மற்றொன்று தாங்கும்.

2020 தொடக்கத்தில் சேமநிதியில் இருந்த 10,000 வெள்ளியை யாரும் தொடாமல் விட்டிருந்தால், 2024 முடிவில் அது ஏறக்குறைய 13,187 வெள்ளி. ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டில் வங்கியில் கிடந்திருந்தால் 11,314 வெள்ளிதான். கோவிட் காலத்தில் வேறு வழியின்றிப் பணத்தை எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இழப்பு இவ்வளவு.

ஒரே இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதை நம் சமூகம் மைக்கா ஹோல்டிங்ஸில் பார்த்தது. 1980களில் 66,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள், தோட்டத் தொழிலாளர்கள் உட்பட, 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். 2010இல்தான் ஒரு பங்குக்கு 80 காசு என வாங்கும் சலுகை வந்தது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏறியதைக் கணக்கிட்டால் அந்த 80 காசும் பாதிகூட இல்லை. அதே தோட்டத்து மக்கள், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கியிருக்கிறார்கள். அங்கே பணம் நிலமாக நின்றது.

நகை நல்ல சேமிப்புதான், ஆனால் ஈவு தராது. அடகுக் கடையில் வைத்தால் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி போகும். கூட்டுப் பிடிப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது.

ஆறு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் வங்கியில் வையுங்கள். ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் காப்பு உண்டு. ஓபிஆர் அறிவிப்பைக் கவனிக்க வேண்டியது இந்தப் பணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும்தான். காய்கறித் தோட்டமோ கடையோ சொந்தமாக நடத்துபவர்கள் 60 வயதுக்குள் இருந்தால் ஐ-சாரான் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 2,500 வெள்ளி கட்டினால் அரசாங்கம் 500 வெள்ளி சேர்க்கிறது. சேமநிதியில் வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.