பழைய கதவு, கட்டிலுக்கு நீங்களே பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? சுரண்டும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

மார்கழி பாதி கடந்துவிட்டால் போதும், ஊரெல்லாம் பெயிண்ட் வாசனைதான். ராணிப்பேட்டை மாவட்டம் கலவை, திமிரி, ஆற்காடு பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பதோடு நிற்காமல் வாசக்கதவு, ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில், பீரோ என எல்லாவற்றையும் புதுசாக்கிவிடுவார்கள். ஆளை வைத்தால் கூலி அதிகம் என்பதால், ஒரு லிட்டர் எனாமல், ஒரு பிரஷ், நாலு உப்புத்தாள் வாங்கி வீட்டில் இருப்பவர்களே இறங்கிவிடுவதும் உண்டு.

இதில் எல்லோரும் பயப்படுவது புது பெயிண்டின் நெடிக்குத்தான். ஆனால் பல வீடுகளில் பெரிய ஆபத்து, சுரண்டி எடுக்கும் பழைய பெயிண்டில் இருக்கிறது. அதிலுள்ள காரீயம் தூசியாகி, வீட்டில் உள்ள சின்னக் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகிறது.

பெயிண்டில் காரீயம் எதற்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம். பேரில் ஒற்றுமை இருந்தாலும் இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் நச்சு.

எண்ணெய் கலந்த எனாமல் பெயிண்டுகளில் காரீயச் சேர்மங்கள் மூன்று வேலைகளுக்காகப் பயன்பட்டன: பளிச்சென்ற நிறம், சீக்கிரம் காய்வது, இரும்பில் துரு பிடிக்காமல் தடுப்பது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களிலும், மஞ்சளும் நீலமும் கலந்து வரும் பச்சையிலும் இது அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. சுண்ணாம்பு அடித்த சுவரிலும், தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷனிலும் இந்தப் பிரச்சனை பெரும்பாலும் இல்லை. எனவே கவனம் வைக்க வேண்டியது கதவு, ஜன்னல், கேட், கட்டில், நடைவண்டி போன்ற எனாமல் அடித்த பொருட்களில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2016 நவம்பரில் தனி விதிகளை அறிவித்தது. அதன்படி வீட்டு உபயோக, அலங்கார பெயிண்டுகளில் காரீயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது. அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு; ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம். இந்த விதிகள் 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. காரீயம் இந்த அளவுக்கு மேல் இல்லை என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என்பதும் கட்டாயம்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, 2017-க்கு முன் அடித்த பெயிண்டை இந்த விதி மாற்றிவிடாது. உங்கள் கதவில் அது இன்னும் இருக்கிறது. அதன் மேல்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த கோட் ஏறியிருக்கிறது. இரண்டு, தொழிற்சாலை, வாகனப் பயன்பாட்டுக்கான பெயிண்டுகளுக்கு இந்த விதி பொருந்தாது. "நல்லா உழைக்கும்" என்று அந்த ரக பெயிண்டை வாங்கி வந்து வீட்டு கேட்டுக்கும் கட்டிலுக்கும் அடித்தால், சட்டம் தரும் பாதுகாப்பு வீட்டுக்குள் வராது.

குழந்தைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

காரீயத்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற பாதுகாப்பான அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களின் உடலைவிட குழந்தைகளின் உடல் பல மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளரும் வயது என்பதால் படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றையும் அது பாதிக்கும். அந்தப் பாதிப்பைப் பின்னாளில் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

கர்ப்பிணிகளும் கவனமாக இருக்க வேண்டும். உடலில் சேர்ந்த காரீயம் எலும்பில் தங்கி, கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் கலந்து கருவிலுள்ள குழந்தைக்கும் போகும்.

யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் சுமார் 80 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருக்கிறது. அவர்களில் சுமார் 27 கோடிப் பேர் இந்தியாவில் இருப்பதாக அதே அறிக்கை மதிப்பிட்டது. பழைய பேட்டரிகளை உருக்குவது, கலப்பட மசாலா எனக் காரணங்கள் பல. பெயிண்டும் அதில் ஒன்று. மற்ற காரணங்களைத் தடுக்க அரசு வேண்டும். பெயிண்ட் விஷயத்தில் வீட்டில் இருப்பவர்களாலேயே நிறைய செய்ய முடியும்.

ராணிப்பேட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காரீயம் கலந்த மஞ்சள் நிறமியின் பெயர் லெட் குரோமேட். காரீயமும் குரோமியமும் சேர்ந்தது. குரோமியம் என்றால் என்ன என்பதை வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழில் பகுதி மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு, ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பகுதியின் தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பான வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் 'முன்னெச்சரிக்கைக் கொள்கை' இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. கேடு நூறு சதவீதம் நிரூபணமாகட்டும் என்று காத்திருக்காமல், முன்னாடியே தடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பழைய கதவுக்கும் அதே கணக்குதான். 2017-க்கு முந்தைய எனாமலா? பரிசோதித்துப் பார்க்காத வரை அதில் காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சுரண்டணுமா, வேண்டாமா?

பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் புது பெயிண்ட் நிற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. உரியாமல், வெடிக்காமல் உறுதியாக ஒட்டியிருக்கும் பெயிண்டைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுங்கள். பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் லேசாகத் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் அடியுங்கள். பழைய பெயிண்ட் அடியில் சிறைப்பட்டுவிடும், தூசியும் கிளம்பாது. வேலையும் பாதி மிச்சம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. குழந்தை கடித்து விளையாடும் பழைய நடைவண்டி, தொட்டில் கம்பி, மரப்பொம்மை போன்றவற்றின் மேல் புது கோட் அடித்துத் தப்பிக்க முடியாது. கடித்தால் பழைய பெயிண்டும் சேர்ந்தே வரும். அவற்றைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

உரிந்திருக்கு, சுரண்டியே ஆகணும்னா?

* வேலையை வீட்டுக்கு வெளியே, காற்று அதிகம் வீசாத நேரத்தில் வையுங்கள். கீழே பெரிய பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிடுங்கள்.
* குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். ஆடு, மாடு, கோழியையும் தள்ளிக் கட்டுங்கள். பெயிண்டை நக்கி மாடுகள் காரீய நச்சுக்கு ஆளாவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான ஒன்று.
* சுரண்டும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். ஈரமாக இருந்தால் தூசி பறக்காது.
* மூக்கில் துண்டு கட்டினால் போதாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 மாஸ்க் போடுங்கள்.
* கிரைண்டிங் மெஷின், சாண்டிங் மெஷின் வேண்டாம். நுண்ணிய தூசி வீடு முழுக்கப் பரவும். கேஸ் பர்னர் வைத்துச் சூடாக்கி உரிப்பதும் கூடாது. காரீயம் புகையாகி நேராக நுரையீரலுக்குப் போகும்.
* வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். ஷீட்டை உள்பக்கமாகச் சுருட்டிக் கட்டுங்கள்.
* கை, முகம் கழுவாமல் டீ, வெற்றிலை, பீடி எதையும் தொடாதீர்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

போகித் தீயில் போடலாமா?

கூடவே கூடாது. பெயிண்ட் அடித்த பழைய கதவுச் சட்டம், உடைந்த நாற்காலி, ஜன்னல் கட்டை எதையும் போகிக்கு எரிக்க வேண்டாம். வெந்நீர் அடுப்பிலும் விறகாக வைக்க வேண்டாம். எரிந்தாலும் காரீயம் அழியாது. கொஞ்சம் புகையில் போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்த்தாலோ, கீரைப் பாத்தியில் கொட்டினாலோ அது திரும்பவும் தட்டுக்கே வந்துசேரும்.

கடையில் என்ன பார்த்து வாங்கணும்?

டப்பாவைத் திருப்பி 90 பி.பி.எம். வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாமல் சில்லறையாக ஊற்றித் தரும் பெயிண்டை வாங்காதீர்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் எனாமலும் இப்போது கிடைக்கிறது. நெடி குறைவு, தின்னரும் தேவையில்லை.

இரும்புக்கு 'ரெட் ஆக்சைடு' கேட்பது வழக்கம். அதன் சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அது காரீயம் இல்லை. ஆனால் துருவைத் தடுக்க அதோடு ஜிங்க் குரோமேட் சேர்க்கும் ரகம் உண்டு. அதிலும் நச்சுத்தன்மை கொண்ட குரோமியம்தான். அதனால் லேபிளில் ஜிங்க் பாஸ்பேட் என்று போட்டிருக்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

எப்படி அடிக்கணும், எவ்வளவு வாங்கணும்?

மரத்துக்கு வுட் பிரைமர், பள்ளம் இருந்தால் பட்டி, காய்ந்ததும் 220-ஆம் நம்பர் தாளால் லேசாகத் தேய்ப்பு, பிறகு இரண்டு மெல்லிய கோட் எனாமல். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் வழியும், சுருங்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் இரவு விடுங்கள். இரும்பை ஈரத்தில் தேய்த்தால் உடனே துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். விட்டால் மறுபடி துரு ஏறும்.

ஒரு லிட்டர் எனாமல், ஒரு கோட்டுக்குத் தோராயமாக 100 சதுர அடிக்கு வரும். ஏழுக்கு மூன்று அடி கதவு ஒரு பக்கம் 21 சதுர அடி. இரண்டு பக்கமும் இரண்டு கோட் அடித்தால் 84 சதுர அடி. ஒரு லிட்டர் போதும்.

மார்கழிப் பனி காயும் முன் தொடங்க வேண்டாம். காலை 10 மணிக்கு மேல் அடித்தால், சாயங்காலப் பனிக்கு முன் மேல்பரப்பு காய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். தின்னரும் டர்பன்டைனும் சட்டென்று தீப்பிடிக்கும்.

மிச்ச பெயிண்ட், காலி டப்பா என்ன செய்வது?

காலி பெயிண்ட் டப்பாவை 'வீட்டு அபாயகரக் கழிவு' பட்டியலில் வைத்தது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். அதோடு சுரண்டிய பெயிண்டையும் தனிப் பையில் கட்டி, இன்னதுதான் என்று சொல்லி பேரூராட்சி தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சாக்கடையிலும் ஏரிக்கரையிலும் கொட்டாதீர்கள். காலி பெயிண்ட் பக்கெட்டில் குடிதண்ணீரோ, அரிசியோ, மாவோ வைக்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால்?

குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, எரிச்சல், படிப்பில் மந்தம் இருந்தால் வேறு காரணங்களும் இருக்கலாம். பல குழந்தைகளுக்கு அறிகுறியே தெரியாது. பெயிண்ட் துகள்களைத் தின்றது தெரிந்தாலோ, சுரண்டும் வேலை நடந்த வீட்டில் இருந்தாலோ அதை மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அகற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் காரீயத்தை அதிகம் உறிஞ்சும். அதனால் கீரை, கேழ்வரகு, பால் எனச் சாப்பாட்டிலும் கவனம் வையுங்கள்.

இந்தப் பொங்கலுக்குக் கதவைப் புதுசாக்குங்கள், தப்பில்லை. உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கட்டும், குழந்தை பாட்டி வீட்டில் இருக்கட்டும்.