அறுபதில் வந்த உறை, ஐம்பதில் வராத உறை



சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாத விடயம் ஒன்றை இந்த மாத உரைக்கு எடுத்திருக்கிறேன். மலம், குடல், குடலில் வரும் புற்றுநோய். முகம் சுளிப்பவர்கள் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வாசியுங்கள்.

2009 இல் அம்மாவுக்கு அறுபது வயது நிறைந்த சில வாரங்களில் தபாலில் ஓர் உறை வந்தது. பீட்சாக் கடை விளம்பரங்களோடு சேர்த்து அதைச் சமையலறை லாச்சிக்குள் போட்டுவிட்டார். நான் எடுத்துப் பிரித்தபோது உள்ளே ஓர் அட்டை, அதில் ஆறு சின்ன யன்னல்கள், சில மட்டைக் குச்சிகள். மூன்று முறை மலம் கழிக்கும்போது, ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் தொட்டு அட்டையில் பூசித் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். “உதையும் தபாலிலை அனுப்பிறதே? தபால்காரன் என்ன நினைப்பான்!” என்றார் அம்மா. ஆங்கிலத்தில் இருந்த அறிவுறுத்தலைக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் தமிழில் வாசிக்க, ஒருவாறு முடித்து அனுப்பினோம். பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

அந்த உறை ஏன் அறுபதில் வந்தது, ஐம்பதில் ஏன் வரவில்லை என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கதையின் ஒரு நுனி எங்கள் ஹரோவிலேயே இருக்கிறது. 1835 இல் தொடங்கப்பட்ட சென் மார்க்ஸ் வைத்தியசாலை நெடுங்காலம் லண்டன் சிற்றி வீதியில் இருந்து, 1995 இல் நோர்த்விக் பார்க் வளாகத்துக்கு வந்தது. அங்கு பணியாற்றிய கத்பேர்ட் டியூக்ஸ் என்ற நோயியல் நிபுணர் 1932 இல் மலக்குடல் புற்றுநோயை ஏ, பி, சி என்று மூன்று படிகளாகப் பிரித்தார். குடற்சுவருக்குள் நிற்பது ஏ, சுவரைத் தாண்டுவது பி, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது சி. ஏ படியில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள், சி படியில் பிடிபட்டவர்களில் பலர் பிழைக்கவில்லை. அப்படியென்றால் நோயாளி வைத்தியரைத் தேடி வரும் வரை காத்திராமல், நோய் வெளியே தெரியுமுன்பே தேட வேண்டும்.

தேடும் வழி எளிமையானது. குடலில் முளைக்கும் பொலிப் என்ற சிறு கட்டி புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும். இடையில் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியவிடும். 1981 முதல் 1991 வரை நொட்டிங்ஹாமில் 45 முதல் 74 வயதுவரையான சுமார் 1,50,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இந்த அட்டையை அனுப்பினார்கள். அறுவை வைத்தியப் பேராசிரியர் ஜக் ஹார்ட்காசிலின் குழு 1996 இல் முடிவை வெளியிட்டது. அட்டை போன பிரிவில் குடற்புற்றுநோயால் இறந்தோர் 15 வீதம் குறைவு. வயதைக் கவனியுங்கள், அவர்கள் தொடங்கியது நாற்பத்தைந்தில்!

2000 இல் கொவென்ட்ரி, வோரிக்‌ஷயர் பகுதியிலும் ஸ்கொட்லாந்தின் சில பகுதிகளிலும் 50 முதல் 69 வயதினருக்கு முன்னோட்டம் நடந்தது. பிறகு பாதை பிரிந்தது. ஸ்கொட்லாந்து 2007 இல் ஐம்பதில் தொடங்கியது. இங்கிலாந்து 2006 இல் அறுபதில் தொடங்கியது. இந்நோய் வருவோரில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பது ஒரு காரணம். அட்டையில் இரத்தம் தெரிந்தவர்களுக்குக் கமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி தேவை, அதைச் செய்யக்கூடிய கைகள் போதாது என்பது மற்றது. எனக்கு இந்த இரண்டாவதுதான் கூடுதலாக உறைக்கிறது. ஆட்பற்றாக்குறையும் சேர்ந்துதான் அந்த வயதைத் தீர்மானித்தது.

அந்தப் பத்து வருட இடைவெளியில் யார் நின்றார்கள்? 1985 இல் இருபத்தைந்து வயதில் ஹீத்ரோவில் வந்து இறங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 2010 இல் ஐம்பது. எடின்பரோவில் குடியேறியிருந்தால் உறை வந்திருக்கும். வெம்பிளியில் இருந்தபடியால் 2020 வரை பொறுக்க வேண்டும்.

ஜோர்ஜ் அழகையாவை உங்களுக்குத் தெரியும். 1955 இல் கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1961 இல் பெற்றோருடன் கானா போய், பின் இங்கே படித்து, பிபிசியின் ஆறு மணிச் செய்திக்கு முகமாக இருந்தவர். எங்கள் வீட்டில் அவர் திரையில் வந்தால் அப்பா ஒலியைக் கூட்டுவார். 2014 ஏப்ரலில், 58 வயதில், நான்காம் கட்டக் குடற்புற்றுநோய் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஈரலுக்கும் பரவியிருந்தது. ஸ்கொட்லாந்தில் வாழ்ந்திருந்தால் அதற்குள் குறைந்தது மூன்று முறையாவது பரிசோதிக்கப்பட்டிருப்பேன், பொலிப்பாக இருக்கும்போதே வெட்டி எடுத்திருப்பார்கள் என்று 2018 இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தாயை இழந்த ஒரு மகள் தொடங்கிய மனுவிலும் இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டார்கள். அந்த ஓகஸ்டில் இங்கிலாந்தும் ஐம்பதுக்கு இறங்கச் சம்மதித்தது.

சம்மதித்ததும் உறை வந்துவிடவில்லை. 2019 இல் ஆறு யன்னல் அட்டை போய், ஒரே ஒருமுறை தொட்டு அனுப்பும் சின்னக் குப்பி வந்தது. 2021 இல் 56 வயதினருக்கு, பிறகு படிப்படியாகக் கீழே. ஐம்பது வயதினர் எல்லோருக்கும் என்ற நிலை 2025 இல்தான். அழகையா 2023 ஜூலை 24 இல், 67 வயதில் காலமானார்.

இப்போது கேள்வி எங்கள் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்நோய் பல நாடுகளில் கூடி வருகிறது, இங்கிலாந்தும் அதில் ஒன்று. அமெரிக்காவில் 2021 இல் அரச ஆலோசனைக்குழு தொடக்க வயதை 45 ஆக்கியது. இங்கே முப்பது, நாற்பது வயதினருக்குத் தபாலில் எதுவும் வராது. ஆனால் மலத்தில் இரத்தம், மலப்பழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமில்லாத மெலிவு, இரும்புச்சத்துக் குறைவு என்று குடும்ப வைத்தியரிடம் போனால், தேவைப்படும்போது அதே குப்பிச் சோதனையை அவர் தரலாம். மூலம்தானே என்று ஒரு வருடம் கடத்துவது எங்கள் ஆட்களின் வழக்கம்.

வைத்தியர் கேட்கும் இன்னொரு கேள்விதான் என்னைத் தடுமாற வைத்தது. “உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குடற்புற்றுநோய் வந்ததா?” நெருங்கிய உறவுகளில், அதுவும் இளவயதில் வந்திருந்தால், ஐம்பதுக்கு முன்பே கொலனோஸ்கோப்பி செய்யும் வழி இருக்கிறது. ஆனால் எங்களிடம் மரணச் சான்றிதழ் எங்கே, வைத்தியசாலைத் துண்டு எங்கே? வீட்டோடு எரிந்தது பாதி, இடம்பெயர்ந்தபோது விட்டுவந்தது பாதி.

அம்மாவின் அண்ணர் 1991 இல் யாழ்ப்பாணத்தில் இறந்தவர். “வயித்துக் குத்து” என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். போன மாதம் ஸ்கார்பரோவில் இருக்கும் மாமிக்குத் தொலைபேசி எடுத்து விபரம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “ஒரு வருசமா ரத்தம் போனது தம்பி. வெக்கத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கொழும்புக்குக் கொண்டுபோகப் பாதையும் இல்லை. நாற்பத்திமூண்டு வயசு.”

அதை ஒரு தாளில் எழுதினேன். பெயர், உறவு, வயது, எத்தனை காலம் இரத்தம் போனது. ஒரு பிரதி என் வைத்தியருக்கு, ஒன்று அம்மாவின் வைத்தியருக்கு, ஒன்று மாமாவின் மகனுக்கு. அவனுக்கு இப்போது நாற்பது.