வருமான வரி: இந்தியாவும் இலங்கையும்

திருநெல்வேலிச் சீமையினின்று ஒரு சாரார் மும்பைப் பக்கமும், ஒரு சாரார் கொழும்புக்கும் பிழைப்புத் தேடிச் சென்றது நாம் அறிந்த செய்தி. ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளில் இளையவர் அம்பர்நாத்துப் படைக்கலத் தொழிற்சாலையிலும் நடுவர் கொழும்பிலும் சம்பளம் வாங்கினால், எவருக்கு வரிச்சுமை அதிகம்? திண்ணைப் பேச்சுக்குரிய கேள்விதான். ஆயினும் விடைகாணச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

1857-ஆம் ஆண்டுப் புரட்சியால் வறண்ட கஜானாவை நிரப்ப, ஜேம்ஸ் வில்ஸன் 1860-இல் இவ்வரியைக் கொணர்ந்தார். ஆண்டு வருமானம் ரூ. 200-ஐ எட்டினால் நூற்றுக்கு இரண்டு, ரூ. 500-ஐ எட்டினால் நூற்றுக்கு நான்கு. சென்னைக் கவர்னர் ஸர் சார்லஸ் டிரெவெலியன், வரி விதிப்பதைவிடச் செலவைச் சுருக்குவதே தக்கது என வாதித்தார். வாதித்ததோடு நில்லாமல், அதனைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டுவிட்டார்! உடனே பதவியினின்று திருப்பி அழைக்கப்பட்டார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: வில்ஸன் அவ்வாண்டே கல்கத்தாவில் காலமானார், டிரெவெலியனோ பின்னர் நிதி உறுப்பினராகவே திரும்பி வந்தார். 1865-இல் அவ்வரி ஒழிந்தது. மீண்டும் பலமுறை தலைகாட்டி, 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது.

இலங்கையில் சுங்க வருவாயே சர்க்காரைத் தாங்கியது. உலக மந்தத்தில் தேயிலையும் ரப்பரும் விலை சரிந்த பின், 1932-இல்தான் வருமான வரி அங்கே புகுந்தது. ஆனால் தோட்ட இலாபமும் அதற்கு உட்பட்டது. இங்கோ, 1886 முதல் விவசாய வருமானத்துக்கு விலக்கு. சென்னை ராஜ்யம் 1955-இல் தோட்டங்களுக்குத் தனி வரி போட நேர்ந்தது. விகிதங்களைவிட இதுவே பெரிய வேற்றுமை என்பது நம் கருத்து.

பொருளாதார அறிஞர் கால்டர் இரு நாடுகளுக்கும் யோசனை கூறினார். அதன்வழி வந்த செலவு வரி இரண்டிலும் நிலைக்கவில்லை. 1973-74-இல் இந்தியாவில் உச்ச விகிதம் 97.75 சதவீதம், அதாவது மேல்தட்டு வருமானத்தில் நூறு ரூபாய்க்கு இரண்டேகால் ரூபாயே கையில் மிஞ்சும்.

இலங்கை 2019 இறுதியில் விலக்கு வரம்பை முப்பது இலட்சமாக உயர்த்திற்று; 2022-இல் கடன் கட்ட இயலாது திணறிற்று; 2023-இல் வரம்பைப் பன்னிரண்டு இலட்சமாகத் தாழ்த்தி, உச்ச விகிதத்தை 36 சதவீதமாக்கியது. 2025 ஏப்ரலில் வரம்பு பதினெட்டு இலட்சமாயிற்று; நம் ரூபாயில் ஏறத்தாழ ஐந்து இலட்சம். அதே மாதம் முதல் இந்தியாவில், புதிய முறையைத் தேர்ந்தவர் பன்னிரண்டு இலட்சம் வரை வரி கட்ட வேண்டுவதில்லை. ஆகவே இன்று கொழும்புச் சகோதரரின் சுமையே கனம். ஊரில் நஞ்சையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூத்தவர், மத்திய சர்க்காரின் இக்கணக்கில் வரவேயில்லை.